விளம்பரத் தடுப்பான் பணம் கட்டவும் தடுக்கிறதா?

திருவேங்கடம் வாசகி ஒருவரின் கேள்வி: "மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குப் போனில் பணம் கட்டப் போனால் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. விளம்பரத் தடுப்பான் போட்டதிலிருந்து இப்படித்தான். நாளை மறுநாள் கடைசித் தேதி. என்ன செய்வது?"

பதற வேண்டாம், அம்மா. தடுப்பான் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் தடுக்கிறது. சில நேரம் விளம்பரத்தோடு, பணம் கட்டும் பக்கத்துக்குத் தேவையான நிரலும் அதில் சிக்கிவிடும்.

முதலில், பணம் பிடித்தம் ஆகிவிட்டதா என்று வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஆகவில்லை என்றால் மட்டும் அடுத்த வேலை.

ஃபயர்பாக்ஸ்: மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் போய், யூபிளாக் ஆரிஜினைத் திறந்து, பெரிய பவர் பட்டனை அழுத்துங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும்.

பிரேவ்: முகவரிப் பட்டையில் உள்ள சிங்க முகத்தைத் தொட்டு, ஷீல்ட்ஸை அணையுங்கள்.

குரோம்: ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. எனவே போன் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தேடி, 'ஆட்டோமேட்டிக்' வையுங்கள். தனி விளம்பரத் தடுப்பு ஆப் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். குரோமின் சைட் செட்டிங்ஸில் பாப்-அப்பையும் அனுமதியுங்கள்.

பிறகு பாதியில் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு, விண்ணப்பத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பெயரைப் பார்த்து மட்டும் தடுப்பானை நம்பாதீர்கள். 2018-இல் குரோம் ஸ்டோரிலேயே போலித் தடுப்பான்கள் பிடிபட்டு நீக்கப்பட்டன.