நடக்கத் தெரிந்த நமக்குப் பாதையைப் பேணவும் தெரிய வேண்டும்

புக்கிட் காத்தில் வட்டாரத்தில் வசிக்கும் எங்களுக்கு விடுமுறைக் காலை என்றால் பக்கத்திலுள்ள புக்கிட் பெருவாங் குன்றுதான். மல்டிமீடியா பல்கலைக்கழக மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளோடு வரும் பெற்றோர் என எல்லா இனத்தவரும் ஏறுகிறார்கள். கட்டணம் இல்லை, நல்ல காலணி இருந்தால் போதும். ஏறி இறங்க இத்தனை பேர் இருக்கிறோம். அந்தப் பாதையைப் பேண எத்தனை பேர் இருக்கிறோம்? மாணவ நண்பர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

"அது நகராண்மைக் கழகத்தின் வேலை, அதற்குத்தானே வரி கட்டுகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. விளக்கு, படிக்கட்டு, குப்பை அகற்றுதல் எல்லாம் ஊராட்சித் துறையின் கடமை. அதைக் கேட்டுப் பெறும் உரிமையை நாம் விட்டுவிடக் கூடாது.

மறுபாதி உண்மை மழை பெய்யும்போது தெரியும். இலைச் சருகு வடிகாலை அடைத்துக்கொண்டால், நீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். சேற்றில் கால் வைக்க விரும்பாதவர்கள் ஓரமாக மிதிப்பார்கள். பாதை அகலும், செடிகள் மடியும், மரவேர்கள் வெளியே தெரியும். வளைவைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நாலு பேர் குறுக்கே இறங்கினால், அடுத்த பெருமழையில் அந்தக் குறுக்கு வழியே ஓடையாகும். தொடக்கத்தில் ஒரு மண்வெட்டியால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை, ஆறு மாதத்தில் குத்தகையாளரை அழைக்கும் வேலையாகிவிடும். அடைபட்ட வடிகால் முதலில் கண்ணில் படுவது அலுவலகத்தில் இருப்பவருக்கு அல்ல, வாரம் தவறாமல் நடப்பவருக்குத்தான்.

மக்கள் அக்கறை ஒரு குன்றையே காப்பாற்றிய வரலாறு நம் மலாக்காவில் உண்டு. 1984-இல் புக்கிட் சீனாவை மேம்படுத்தும் திட்டத்தை மாநில அரசு முன்வைத்தது. 12,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள பழமையான மயானக் குன்று அது. எதிர்ப்பு மலாக்காவோடு நிற்காமல் நாடு முழுவதும் எழுந்தது. குன்று தப்பியது. இன்று நகரின் நடுவே மக்கள் மெதுவோட்டம் ஓடும் பசுமை இடமாகவும் அது இருக்கிறது.

கோலாலம்பூரின் புக்கிட் கியாரா இன்னொரு பாடம். அங்குள்ள காட்டுப் பாதைகளை மிதிவண்டி ஓட்டுவோரும் நடப்போரும் பல ஆண்டுகளாகத் தன்னார்வத்தோடு பராமரித்து வருகிறார்கள். விழுந்த மரங்களை அகற்றுவதும், வடிகால் வெட்டுவதும், அரித்த இடத்தைச் சீர்படுத்துவதும் அவர்கள் செய்யும் வேலை. அடிவாரத்தில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்டத் திட்டம் வந்தபோது, வட்டார மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். புக்கிட் கியாரா முன்பு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டிய குடும்பங்கள், தோட்டம் கைமாறிய பின் 1980-களிலிருந்து நீண்ட வீடுகளில் குடியிருந்து வந்தன. அவர்களுக்கான நிரந்தர வீடும் அந்த அடுக்குமாடித் திட்டத்தோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. திட்டம் ரத்தானபோது பூங்கா பிழைத்தது. தோட்டத் தொழிலாளர்களின் காத்திருப்பு நீண்டது. பூங்காவுக்காகப் போராடியவர்கள் இவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூங்காவா, ஏழைக்கு வீடா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மக்களைத் தள்ளியதுதான் தவறு. ஆகவே 'சமூக ஆதரவு' என்று பேசும்போது, அந்தச் சமூகத்தில் யார் யார் அடக்கம் என்பதையும் நாம் கேட்க வேண்டும். காலணி வாங்க முடிந்தவர்கள் மட்டும் அல்லவே!

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறை பதாகை பிடித்துப் படம் எடுக்கும் கூட்டுப்பணி போதாது. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், பத்துப் பேர் போதும். பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு மதிப்பெண் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சான்றிதழுக்காக வந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். சான்றிதழ் கிடைத்த மறுமாதமும் வாருங்கள்.

இரண்டாவது, எதையும் அனுமதியோடு செய்வோம். சருகை வாரலாம், குப்பையைப் பொறுக்கலாம். புதிய பாதை வெட்டுவதும் மரத்தை அறுப்பதும் நம் விருப்பத்திற்குரியவை அல்ல. மண் சரிந்த இடத்தைப் படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து, நகராண்மைக் கழகத்திற்கு எழுதுவோம். புலனத்தில் புலம்புவதைவிட ஒரு கடிதம் வலிமையானது.

மூன்றாவது, நம் தாத்தா பாட்டிகளை அழைத்துச் செல்வோம். மேட்டு நிலத்தில் படிப்படியாக நிரை வெட்டி, மண் கரையாமல் குழி தோண்டி, கான் வெட்டி ரப்பர் வளர்த்தவர்கள் அவர்கள். நீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார் என் தாத்தா. அந்த அறிவை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் கிடைத்ததில்லை. தோட்டங்கள் மறைந்த வேகத்தில் அந்த அறிவும் மறைந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு குன்றும், ஒரு மண்வெட்டியும், மாதத்தில் இரண்டு மணி நேரமும் போதும்.