பெரிய கோப்பின் குற்றமன்று

மட்டாஞ்சேரியின் சில தெருக்களுக்குள்ளேயே மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் புழங்குகின்றன. கொச்சியில் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் செடிப் படங்களும் இலத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பெயர் தாங்கியவை. இத்தகைய நூல்களிலிருந்து ஒரு மொழியின் சொற்களை மட்டும் பிரித்தெடுக்க ஆய்வாளர் நாடும் கருவி, ரெகெக்ஸ் எனப்படும் சுருங்குறித்தொடர். பத்துப் பக்கத்துக்கு நொடியில் விடை தரும் அது, முழு நூலையும் கண்டால் உறைந்துபோகிறது. சில வேளை நிரலே விழுந்துவிடுகிறது. உடனே 'கோப்பு பெரிது' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். குற்றம் கோப்பினுடையதன்று.

பைத்தானின் இயல்பான ரெகெக்ஸ் தொகுதி, சொல்லெழுத்தைக் குறிக்கும் தன் குறியீட்டில் தமிழ், மலையாள உயிர்க்குறிகளைச் சேர்ப்பதில்லை. 'கால்' என்ற சொல்லே அதற்கு உடைந்துதான் தெரியும். ஆகவே ஆய்வாளர் தாமே ஒரு கோலம் வரைகிறார்: எழுத்து, பின் குறி, அது பலமுறை, அத்தொகுதியும் பலமுறை. அந்த இரண்டாவது 'பலமுறை'தான் வினை. அச்சுப் பக்கத்தைப் படியெடுக்கையில் இடைவெளி அழிந்து 11 எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, இறுதியில் பொருந்தாத குறி ஒன்று நின்றால், பொறி 1,024 வழிகளில் பிரித்துப் பார்க்கும். 31 எழுத்தாயின் 107 கோடி வழிகள். ஜாவாவிலோ, இத்தகைய தொகுதி சுற்றுக்குச் சுற்று அடுக்கு நினைவகத்தில் இடம் பிடித்து, நீண்ட உரையில் நிரம்பி வழிகிறது.

அடுக்கின் அளவைக் கூட்டுவது தவணை வாங்குவதே. கோப்பை வெட்டுவது அதனினும் தீது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். வெட்டு எழுத்தின் நடுவிலேயே விழக்கூடும். விழுந்த நிரல் பிழையை உரக்கச் சொல்லும். வெட்டிய கோப்போ தவறான சொற்கணக்கை அமைதியாகத் தந்துவிடும். அக்கணக்கின் மேல் ஆய்வேடு எழும்.

பெருநிறுவனங்களும் தப்பவில்லை. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. ஒரு பதிவின் நடுவே தொடர்ந்து நின்ற ஏறத்தாழ 20,000 வெற்றிடங்களே காரணம். அவர்கள் கூடுதல் கணினி வாங்கவில்லை. அந்தச் சுருங்குறித்தொடரை நீக்கி எளிய நிரல்வரி எழுதினர்.

இங்கும் வழி அதுவே. எழுத்தையும் குறியையும் ஒரே கணத்தில் அடக்கி, 'பலமுறை' என்பதை ஒருமுறை மட்டும் இட்டால் போதும். பின்வாங்காமல் தேடும் முறையைக் கென் தாம்சன் 1968-லேயே வெளியிட்டார். கூகுளின் ஆர்ஈ2 அவ்வழியில் அமைந்தது. முன்பு பிடித்த சொல்லை மீண்டும் சுட்டும் வசதி அதில் இல்லை. சொற்களைப் பிரித்தெடுக்க அது தேவையுமில்லை. ஆனால் பல்கலைக்கழகப் பயிலரங்குகள் இன்றும் பத்து வரி மாதிரியில் ஓடிய நிரலைச் சரியான நிரல் என்றே கற்பிக்கின்றன. பன்னிரண்டு தொகுதிகளை ஒருமுறையேனும் ஓட்டிக் காட்டச் சொல்லும் நெறியாளர் அரியர்.