நோய் இரத்தத்தில் இருக்கிறதா, ஆற்றில் இருக்கிறதா?

நண்பர்களே, உலகப் படம் ஒன்றை மேசைமேல் விரித்துக்கொள்ளுங்கள். பென்சிலால் அதில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். முதல் புள்ளி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஹீலா ஆற்றங்கரை. இரண்டாவது, அதற்குத் தெற்கே, மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநில மலைகளில் இருக்கும் மாய்கோபா என்னும் சிற்றூர். மூன்றாவது, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா. நான்காவது, கரிபியன் கடலில் ஜமைக்காத் தீவு. ஐந்தாவது, சிகாகோ நகரை ஒட்டியுள்ள மேவுட் என்னும் புறநகர்.

முதல் இரண்டு இடங்களிலும் பிமா எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இரு பிரிவினரும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள். மற்ற மூன்று இடங்களிலும் வாழும் கறுப்பின மக்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவே பூர்விகம். ஒரே வழித்தோன்றல்கள் என்றால் நோய்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகின்றன. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள உயிரியல் மட்டும் போதாது. வரலாறும் பொருளாதாரமும் சேர்ந்தே வரவேண்டும் என்பது என் கருத்து. அதற்கான சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

ஆற்று மக்களின் கதை

அரிசோனாவில் வாழும் பிமா மக்கள் தங்களை 'அக்கிமெல் ஓஒதம்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 'ஆற்று மக்கள்' என்பது அதன் பொருள். பாலைவனத்தில் ஆற்று மக்களா என்று வியக்காதீர்கள். ஹீலா ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் வெட்டி, அந்த வறண்ட நிலத்தில் மக்காச்சோளமும் பூசணியும் டெப்பரி என்னும் ஒருவகை அவரையும் விளைவித்தவர்கள் அவர்கள். ஸ்பானியர் வந்த பிறகு கோதுமையும் பயிரிட்டார்கள். ஆற்றில் மீன் கிடைத்தது. காட்டில் மெஸ்கீட் மரத்தின் இனிப்பான காய்கள் கிடைத்தன. நம் ஊர்க் கண்மாய்களில் மண்டிக் கிடக்கிறதே சீமைக் கருவேலம், அதன் நெருங்கிய உறவு மரம்தான் மெஸ்கீட்.

1849-இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். வழியில் பசித்து வந்தவர்களுக்குக் கோதுமை விற்றவர்கள் பிமா விவசாயிகள். பிறகு அமெரிக்க இராணுவமும் அவர்களிடம் தானியம் வாங்கியது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அரசின் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் அல்லர். பிறருக்கு உணவு தந்தவர்கள்.

1859-இல் அவர்களுக்கென ஒரு நிலப்பகுதியை அமெரிக்க அரசு ஒதுக்கியது. நிலம் இருந்தது, நீர் நிலைக்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளையர் குடியேறித் தண்ணீரைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் பிமா வாய்க்கால்கள் வறண்டன. விளைச்சல் பொய்த்தது. பஞ்சம் வந்தது. பிழைப்புக்காக மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றார்கள். 1928-இல் கட்டி முடிக்கப்பட்ட கூலிட்ஜ் அணை தண்ணீரைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கையும் முழுதாக நிறைவேறவில்லை.

வயலில் விளையாதபோது உணவு எங்கிருந்து வந்தது? அரசு கொடுத்த பங்கீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வந்தது. வெள்ளை மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, டின்களில் அடைத்த உணவு. உழைத்து உண்ட உடல்களுக்கு ஒரே சமயத்தில் உழைப்பும் போனது, உணவும் மாறியது.

இனி மருத்துவக் குறிப்புகளைப் பாருங்கள். எலியட் ஜாஸ்லின் என்னும் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் 1940-இல் அரிசோனாப் பழங்குடிகளைப் பற்றி எழுதினார். மற்ற அமெரிக்கர்களிடம் உள்ள அளவே அவர்களிடமும் நீரிழிவு இருப்பதாக அவர் கருதினார். 1963-இல் வேறொரு ஆய்வுக்காக வந்த அரசு விஞ்ஞானிகள் பிமா மக்களிடம் மிக அதிகமான நீரிழிவைக் கண்டு திகைத்தார்கள். 1965 முதல் நீண்டகால ஆய்வு தொடங்கியது. 35 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் இருப்பது தெரிந்தது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று.

சிக்கன ஜீன்

இந்தப் புதிருக்கு ஒரு விடை கைவசம் இருந்தது. ஜேம்ஸ் நீல் என்னும் மரபியல் அறிஞர் 1962-இல் ஒரு கருதுகோளை வெளியிட்டிருந்தார். பஞ்சமும் செழிப்பும் மாறிமாறி வந்த பழங்காலத்தில், கிடைத்த உணவைக் கொழுப்பாகச் சேமித்துவைக்கும் உடல் உடையவர்கள் பிழைத்தார்கள். அந்தச் சேமிப்புக்குக் காரணமான ஜீன்கள் வழிவழியாக வந்தன. இன்று உணவு எப்போதும் கிடைப்பதால் அதே ஜீன்கள் கேடு செய்கின்றன. இதுவே 'சிக்கன ஜீன்' கருதுகோள். நீல் இதைப் பிமா மக்களை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனால் பிற்காலத்தில் இது அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கதை அழகாக இருக்கிறது. அழகான கதையைத்தான் விஞ்ஞானத்தில் இருமுறை சோதிக்க வேண்டும். முதல் சோதனை, காலம். ஒரு மக்கள் கூட்டத்தின் ஜீன்கள் ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறிவிடுவதில்லை. நோயோ சில பத்தாண்டுகளில் பெருகியது. இரண்டாவது சோதனை, இடம். இதற்குத்தான் நம் படத்தின் இரண்டாவது புள்ளி உதவுகிறது.

மாய்கோபாவில் வாழும் பிமா மக்களை 1995-இல் விஞ்ஞானிகள் ஆய்வு செய்தார்கள். அதன் முழு முடிவுகள் 2006-இல் வெளியாயின. அரிசோனாப் பிமா மக்களில் 38 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. மாய்கோபாப் பிமா மக்களில் 6.9 சதவிகிதம் பேருக்கே இருந்தது. உடற்பருமன் அரிசோனாவில் ஆண்களில் சுமார் 64 சதவிகிதம், பெண்களில் சுமார் 75 சதவிகிதம். மாய்கோபாவில் அது ஆண்களில் 7, பெண்களில் 20 சதவிகிதம்தான்.

மாய்கோபாவில் என்ன இருந்தது? மலைச்சரிவில் சிறு வயல்கள். கையாலும் மாட்டாலும் செய்யும் வேளாண்மை. அவரை, மக்காச்சோள ரொட்டி, உருளைக்கிழங்கு. போகுமிடமெல்லாம் நடை. காசு குறைவு, உழைப்பு மிகுதி. 2010-இல் அங்கே மீண்டும் ஆய்வு நடந்தது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் மாய்கோபாவின் வாழ்க்கை முறை மாறியிருந்தது. பிமா மக்களிடமும், பிமா அல்லாத அண்டை வீட்டாரிடமும் உடற்பருமன் கூடியிருந்தது. பிமா அல்லாதவர்களிடம் நீரிழிவும் கூடியிருந்தது. சூழ்நிலை மாறினால் எந்த 'இரத்தமும்' தப்புவதில்லை.

கடல் கடந்த மக்கள்

இப்போது மற்ற மூன்று புள்ளிகளுக்கு வாருங்கள். 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை சுமார் 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் உயிரோடு கரை சேர்ந்தவர்களின் சந்ததியினரே இன்று கரிபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் வாழும் கறுப்பின மக்களில் பெரும்பாலோர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இரத்த அழுத்த நோய் அதிகம். இதற்கும் ஒரு 'இரத்தக் கதை' சொல்லப்பட்டது. கொடிய கப்பல் பயணத்தில் உடலிலிருந்து உப்பும் நீரும் வீணாகாமல் காத்துக்கொள்ளும் உடலுடையவர்களே பிழைத்தார்களாம். அந்த உப்பு காக்கும் இயல்புதான் இன்று நோயாகிவிட்டதாம். சிக்கன ஜீன் கதையின் தம்பி போல இருக்கிறது, இல்லையா? இதற்குப் போதிய வரலாற்றுச் சான்று இல்லை என்று வரலாற்று அறிஞர்கள் மறுத்தார்கள்.

ரிச்சர்ட் கூப்பர் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் போனார்கள். மேற்கு ஆப்பிரிக்கா, கரிபியன், அமெரிக்கா ஆகிய இடங்களில் ஒரே முறையில் மக்களின் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். 1997-இல் முடிவு வெளியாயிற்று. இரத்த அழுத்த நோய் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவிகிதம், கரிபியனில் 26 சதவிகிதம், அமெரிக்காவில் 33 சதவிகிதம். நீரிழிவும் இதே திசையில் ஏறியது: நைஜீரியாவில் சுமார் 2, கரிபியனில் சுமார் 9, அமெரிக்காவில் சுமார் 11 சதவிகிதம்.

2005-இல் அக்குழு இன்னொரு ஒப்பீட்டையும் வெளியிட்டது. கறுப்பின மக்களிடம் இரத்த அழுத்த நோய் இடத்தைப் பொறுத்து 14 முதல் 44 சதவிகிதம் வரை இருந்தது. வெள்ளையரிடம் அது 27 முதல் 55 சதவிகிதம் வரை இருந்தது. அதாவது, சில ஐரோப்பிய நாட்டு வெள்ளையரின் அளவு அமெரிக்கக் கறுப்பின மக்களின் அளவையும் மிஞ்சியது. தோலின் நிறத்தை வைத்து நோயைக் கணிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வகை ஏழ்மை

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடாதீர்கள். 'அப்படியானால் நைஜீரியக் கிராமமும் மாய்கோபாவும் சொர்க்கம். ஏழ்மையே ஆரோக்கியம்' என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மை அல்ல. மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் ஏராளமான குழந்தைகளைக் கொல்கின்றன. மருத்துவர் எட்டாத தொலைவில் இருக்கிறார். நீரிழிவு குறைவு என்பதற்காக அந்த வாழ்க்கையை யாரும் புகழ வேண்டியதில்லை.

நாம் பார்ப்பது இரண்டு வகை ஏழ்மை. ஒன்று, கையில் காசில்லாவிட்டாலும் நிலமும் உழைப்பும் விளைந்த உணவும் உள்ள ஏழ்மை. அங்கே தொற்று நோய்கள் ஆள்கின்றன. மற்றொன்று, பணக்கார நாட்டுக்குள்ளேயே நிலமும் நீரும் வேலையும் பறிபோன ஏழ்மை. அங்கே மலிவாகக் கிடைப்பது மாவும் சர்க்கரையும் கொழுப்பும்தான். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அங்கே ஆள்கின்றன. அரிசோனாவின் பிமா மக்களும் அமெரிக்க நகரங்களின் ஏழைக் கறுப்பின மக்களும் வெவ்வேறு கண்டங்களைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். ஒருவர் சொந்த ஆற்றை இழந்தார். மற்றவர் சொந்த மண்ணையே இழந்தார். அவர்களை ஒன்றாக்குவது இரத்தம் அல்ல, இந்த இழப்புதான்.

ஜீனுக்குப் பங்கே இல்லையா?

உண்டு. அதை மறைப்பது விஞ்ஞானம் ஆகாது. 1995-இல் மாய்கோபாவில் பிமா அல்லாதவர்களிடம் நீரிழிவு 2.6 சதவிகிதம்தான் இருந்தது. பிமா மக்களிடம் அதைவிடக் கூடுதல். எனவே பிறவி இயல்புக்கும் ஏதோ பங்கு இருக்கலாம். ஆனால் 2.6-க்கும் 6.9-க்கும் உள்ள இடைவெளியை, 6.9-க்கும் 38-க்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது பெரியது?

பிறவியோடு வருவதெல்லாம் ஜீன் அல்ல என்பதையும் பிமா மக்களிடமிருந்தே உலகம் கற்றது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையைவிட, வந்த பின் பிறந்த பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இருவரும் அதே பெற்றோரின் ஜீன்களைப் பெற்றவர்கள்தாம். வேறுபட்டது கருப்பையின் சூழல். தாத்தா காலத்தில் வறண்ட ஆறு, பேரன் பிறக்குமுன்பே அவன் உடலைத் தொட்டுவிடுகிறது.

ஏன் இது முக்கியம்?

'இது உங்கள் இரத்தத்தில் இருக்கிறது' என்று ஒரு சிறுமியிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? தன் உடலைப் பார்த்து வெட்கப்படுவாள். விதி என்று விட்டுவிடுவாள். தண்ணீரைத் திருப்பியவர்களின் பெயர் அந்தக் கதையில் வராது. 'இது உன் ஊரின் ஆற்றில் நேர்ந்தது' என்று சொன்னாலோ, ஆற்றை மீட்க முடியுமா என்று அவள் கேட்பாள்.

பிமா மக்கள் அப்படித்தான் கேட்டார்கள். பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள், பேச்சு நடத்தினார்கள். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீர் அவர்களுக்கு உரிமையாயிற்று. நம் செய்தித்தாள்களின் கணக்கில் சொன்னால் 28 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். அவர்கள் நிலத்தில் டெப்பரி அவரை மறுபடியும் விளைகிறது. நீர் வந்தவுடன் நோய் போய்விடாது. நூறாண்டுக் காயம் ஒரு நாளில் ஆறாது. ஆயினும் மருந்தும் மருத்துவமனையும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை இந்த நீரும் என்பதே என் உறுதியான கருத்து.

கடைசியாக, ஆறாவது புள்ளி ஒன்றை நம் நாட்டின்மேல் வையுங்கள். 'இந்தியர்களின் பரம்பரையிலேயே சர்க்கரை நோய் இருக்கிறது' என்று நம்மைப் பற்றியும் சொல்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நீரிழிவு நகரங்களில் 16.4 சதவிகிதம், கிராமங்களில் 8.9 சதவிகிதம். நகரத்து இந்தியர் வேறு இனமா, கிராமத்து இந்தியர் வேறு இனமா?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சில கேள்விகள் கேட்டுக் குறித்துவையுங்கள். உங்கள் வயதில் அவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள்? என்னென்ன தானியம் உண்டார்கள்? அது சொந்த வயலில் விளைந்ததா, கடையில் வாங்கியதா? ஊர்க் குளத்தில் அப்போது எத்தனை மாதம் தண்ணீர் நின்றது? யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது? வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அந்தக் குறிப்புகளை ஒப்பிடுங்கள். பரம்பரை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பரம்பரை, எவ்வளவு வாழ்க்கை நிலை என்பதை அப்போது நீங்களே விவாதிக்கலாம்.