பாஸ்வேர்ட் கஷ்டமானதாம்!

"விபிஎன் இருக்கு, பயமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். வழியில் போகும் தகவலை விபிஎன் மறைக்கும், சரி. உள்ளே வருகிறவர் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்ட் சரியென்றால் கள்ளனுக்கும் கதவு திறக்கும்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. யாரும் பாவிக்காத பழைய விபிஎன் கணக்கு ஒன்றை மூடாமல் விட்டிருந்தார்கள். நுழைய பாஸ்வேர்ட் மட்டும் போதும், கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. டார்க்சைட் கும்பல் புகுந்தது. கிழக்குக் கரையோர எரிபொருளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் குழாயை நிறுவனமே நிறுத்தவேண்டி வந்தது. பெட்ரோலுக்கு நீண்ட வரிசை. கொடுத்த கப்பம் 75 பிட்காயின், அன்றைக்கு ஏறக்குறைய 44 இலட்சம் டொலர்.

செனட் விசாரணையில் தலைமை அதிகாரி ஜோசப் பிளவுண்ட் சொன்ன சமாதானம், அது சிக்கலான பாஸ்வேர்ட்தானாம். அந்த பாஸ்வேர்ட் ஏற்கனவே கசிந்த ஒரு குவியலில் கிடந்தது! கசிந்த பிறகு அது எட்டு எழுத்தாக இருந்தால் என்ன, எண்பதாக இருந்தால் என்ன?

பெரிய எழுத்துப் போடு, இலக்கம் போடு என்று பாடமெல்லாம் நமக்குத்தான். உங்கள் பல்கலைக்கழக விபிஎன் வெறும் பாஸ்வேர்டுக்குத் திறக்கிறதா? தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். படிப்பு முடித்துப் போனவர்களின் கணக்குகள் என்ன ஆயின என்றும் கேளுங்கள்.