அந்தமான் எரிவாயு: கண்டுபிடிப்பு உற்பத்தியாகுமா?

புது தில்லி: அந்தமான் கடலில் இயற்கை எரிவாயு இருப்பதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது, எரிபொருள் இறக்குமதிச் சுமைக்கு விடிவு பிறந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக எழுந்தது. ஆனால், ஒரு கிணற்றில் எரிவாயு தென்படுவது வேறு. அது எவ்வளவு, அதில் எவ்வளவை வெளியே எடுக்க இயலும், எடுத்தால் கட்டுபடியாகுமா என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ளாமல் கொண்டாடப்பட்ட கண்டுபிடிப்புகளுக்காக நாடு ஏற்கெனவே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் இரண்டு முறை பெரும் விலை கொடுத்துள்ளது.

பொதுத்துறை நிறுவனமான ஆயில் இந்தியா தோண்டிய 'ஸ்ரீ விஜயபுரம்-2' என்ற ஆய்வுக் கிணறு, அந்தமான் தீவுகளின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில், 295 மீட்டர் ஆழமுள்ள கடலில் அமைந்துள்ளது. 2,212 மீட்டர் முதல் 2,250 மீட்டர் வரையிலான ஆழத்தில் நடத்தப்பட்ட முதற்கட்டச் சோதனையில் எரிவாயு வெளிப்பட்டது. காக்கிநாடாவுக்குக் கப்பலில் கொண்டு செல்லப்பட்ட மாதிரியில் 87 சதவீதம் மீத்தேன் இருப்பது உறுதியானது. இத் தகவலை மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி வெளியிட்டார். எரிவாயுவின் அளவும் வணிகரீதியான பயனும் வரும் மாதங்களில் சரிபார்க்கப்படும் என்றும் அவரே குறிப்பிட்டிருந்தார். ஆனால், பொது விவாதத்தில் இக் குறிப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டு, "அந்தமானில் எரிவாயு" என்ற செய்தி மட்டுமே முன்னின்றது.

சோதனை சொன்னதும் சொல்லாததும்: 87 சதவீதம் மீத்தேன் என்பது எரிவாயுவின் தரத்தைக் குறிக்கும் எண், அளவைக் குறிக்கும் எண் அல்ல. சோதனையின்போது சுடர் விட்டுவிட்டு எரிந்ததாகவே அறிவிப்பில் கூறப்பட்டிருந்தது. தொடர்ச்சியான, சீரான அழுத்தத்துடன் கூடிய ஓட்டம் இருந்தால்தான் நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் கிடைக்கும் என்று கணக்கிட முடியும். எரிவாயு எவ்வாறு உருவானது என்பதை அறிய ஐசோடோப் ஆய்வு தேவைப்படுவதும் இதனால்தான். கடலடிப் படிவுகளில் நுண்ணுயிர்களால் உருவான வாயு எனில் ஒரு விதமாகவும், ஆழத்தில் வெப்பத்தால் உருவாகி மேலேறி வந்த வாயு எனில் வேறு விதமாகவும் படுகை முழுவதற்குமான மதிப்பீடு மாறும்.

அந்தமானில் எரிவாயு தென்படுவது இது முதல் முறையும் அல்ல. 1980-ம் ஆண்டிலேயே எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் (ஓ.என்.ஜி.சி.) தோண்டிய கிணறு ஒன்றில் எரிவாயு கண்டறியப்பட்டது. ஆனால், அது வணிக உற்பத்தியாக மாறவில்லை. பாராடாங் தீவில் சேற்று எரிமலைகள் வழியாக வாயு கொப்பளித்துக்கொண்டிருப்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. எனவே, வாயு உண்டா என்ற கேள்வி ஏற்கெனவே விடை காணப்பட்ட ஒன்று. எவ்வளவு என்பதே விடை தேவைப்படும் கேள்வி.

கயானாவும் அரசின் கணக்கும்: தென் அமெரிக்க நாடான கயானாவில் கண்டறியப்பட்டது போன்ற பெருவளம் அந்தமானில் கிடைக்கக்கூடும் என்று 2025-ல் அமைச்சர் புரி பலமுறை நம்பிக்கை தெரிவித்தார். கயானாவில் எக்ஸான் மொபில் தலைமையிலான கூட்டமைப்பு 2015-ல் லிசா வயலைக் கண்டறிந்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. அங்கு எடுக்கத்தக்க வளம் 1,100 கோடி பீப்பாய்களுக்கு மேல், அதாவது சுமார் 150 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

அந்தமானுக்கு அரசு வசம் உள்ள கணக்கு என்ன? 2017-ல் நிறைவடைந்த தேசிய ஹைட்ரோகார்பன் வள மதிப்பீட்டின்படி, நாட்டின் 26 வண்டல் படுகைகளில் உள்ள மொத்த வளம் சுமார் 4,187 கோடி டன். இதில் அந்தமான்-நிகோபார் படுகையின் பங்கு 37.1 கோடி டன். அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மேலும், இது நிலத்தடியில் இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்ட அளவு. எடுக்கத்தக்க அளவு அல்ல. உலகின் பெரும்பாலான எண்ணெய் வயல்களில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மேலே வருகிறது. எரிவாயு வயல்களில் இந்த விகிதம் கூடுதல் என்றாலும், முழுவதும் கிடைப்பதில்லை.

இந்த மதிப்பீடே இறுதியானது என்றும் கொள்ள முடியாது. 2 லட்சம் சதுர கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட இப் படுகையில் தோண்டப்பட்ட கிணறுகள் மிகச் சிலவே. பாதுகாப்புக் காரணங்களுக்காக நீண்டகாலம் தடை செய்யப்பட்டிருந்த கடற்பரப்பு 2022-ல்தான் பெருமளவில் ஆய்வுக்குத் திறக்கப்பட்டது. அதே கடலின் தென்பகுதியில், இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு வடக்கே 2023 டிசம்பரில் கண்டறியப்பட்ட லயாரன் வயலில் 6 லட்சம் கோடி கன அடிக்கு மேல் எரிவாயு இருப்பதாக முபாதலா எனர்ஜி நிறுவனம் அறிவித்தது. மியான்மரின் யாதனா வயல் 1998 முதல் எரிவாயு தந்து வருகிறது. நிலவியல் அமைப்பு நம்பிக்கை தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அண்டை வீட்டுக் கிணற்றில் நீர் இருப்பதை வைத்து நம் கிணற்றின் கொள்ளளவைக் கணக்கிட முடியாது.

கோதாவரி கற்பித்த பாடம்: கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி-6 வட்டாரத்தில் ரிலையன்ஸ் நிறுவனம் 2002-ல் எரிவாயு கண்டறிந்தது. 2006-ல் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தின் மதிப்பு 880 கோடி டாலர். இலக்கு நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, மறு ஆண்டில் 6 கோடி கன மீட்டரைத் தாண்டியது. அதன் பிறகு சரிவுதான். சுமார் 10 லட்சம் கோடி கன அடி எனப்பட்ட இருப்பு, 2012-ல் 3 லட்சம் கோடி கன அடி அளவுக்குக் குறைக்கப்பட்டது. திட்டமிட்டபடி கிணறுகள் தோண்டப்படவில்லை என்றது அரசு. நிலவியல் அமைப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம். டி-1, டி-3 வயல்கள் 2020 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தின. இந்த எரிவாயுவை நம்பிக் கட்டப்பட்ட மின் நிலையங்கள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. அதே வட்டாரத்தில் 2020 டிசம்பருக்குப் பிறகு புதிய வயல்கள் உற்பத்திக்கு வந்தது பின்னாளைய ஆறுதல்.

குஜராத் மாநில பெட்ரோலியக் கழகத்தின் தீனதயாள் வயல் மற்றோர் உதாரணம். 2005 ஜூனில் 20 லட்சம் கோடி கன அடி எரிவாயு இருப்பதாக அப்போதைய முதல்வர் நரேந்திர மோடி அறிவித்தார். பின்னர் அங்கீகரிக்கப்பட்ட மேம்பாட்டுத் திட்டத்தில் இது 2 லட்சம் கோடி கன அடிக்கும் கீழே இறங்கியது. கடன் சுமை ரூ.19 ஆயிரம் கோடியைத் தாண்டியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2017-ல் அந்த வட்டாரத்தின் 80 சதவீதப் பங்கை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு ஓ.என்.ஜி.சி. வாங்க நேர்ந்தது. மதிப்பீட்டில் ஏற்பட்ட பிழையின் விலை இறுதியில் பொதுப் பணத்தின் மீதே விழுந்தது.

வண்டூரின் கணக்கு: கடலடி வளத்தை மதிப்பிடும்போது, கடலின் மேற்பரப்பிலும் கரையிலும் ஏற்கெனவே உள்ள வளத்தையும் மதிப்பிட வேண்டும். தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் உள்ள வண்டூர் இதற்குத் தெளிவான சான்று. 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் இந்த ஊர். 281.5 சதுர கி.மீ. பரப்பில் 15 தீவுகளை உள்ளடக்கிய இப் பூங்காவின் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளில் பவளப் பாறைகளைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். பவளம் சேதமடையாமல் இருக்க ஒரு தீவு மூடப்பட்டு மற்றொன்று திறக்கப்படும் நடைமுறையும் இங்கு உண்டு. படகோட்டிகள், மீனவர்கள், சிறு வணிகர்கள் எனப் பலரின் பிழைப்பு இந்தக் கடல் தெளிவாக இருப்பதைச் சார்ந்தே உள்ளது.

எரிவாயுக் கிணறு கிழக்கே, வண்டூர் மேற்கே. இந்தக் கிணற்றால் வண்டூருக்கு நேரடி ஆபத்து என்று கூற முகாந்திரம் இல்லை. ஆனால், உற்பத்தி என்று வரும்போது குழாய்கள், சேமிப்புக் கிடங்குகள், கப்பல் போக்குவரத்து ஆகியவை அனைத்தும் இச் சிறிய தீவுக்கு வந்தாக வேண்டும். இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டின் கீழ் அமிழும் இப் பகுதி நிலநடுக்க ஆபத்து மிக்கது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. வண்டூர் கரையோர மரங்கள் உப்பு நீரில் நின்று பட்டுப்போயின. கரையில் எந்தக் கட்டுமானத்தைத் திட்டமிட்டாலும் இந்த அனுபவம் கணக்கில் வந்தாக வேண்டும்.

ஆய்வுக் கிணறுகளுக்கு 2020 ஜனவரியில் விதிகள் தளர்த்தப்பட்டதால், அவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்தித் திட்டங்களுக்கே விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு கட்டாயம். எனவே, எவ்வளவு வளம் என்ற எண்தான் பின்னர் மக்கள் முன் வைக்கப்படும் முதல் வாதமாக இருக்கும். அந்த எண் மிகைப்படுத்தப்பட்டிருந்தால், இழப்பையும் லாபத்தையும் ஒப்பிடும் தராசே சாய்ந்துவிடும்.

சிறிய வயலும் பயன்தரும்: மறுபுறம், பெருவளம் இல்லை என்றால் பயனே இல்லை என்றும் கூறிவிட முடியாது. தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை நம்பியே உள்ளது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. கடல் தொலைவைக் கடந்து எரிவாயுவைப் பெருநிலத்துக்குக் கொண்டு வர மிகப் பெரிய வயல் தேவை. ஆனால், தீவுகளின் மின் தேவைக்குச் சிறிய வயலும் போதுமானதாக இருக்கலாம். எந்த அளவுக்கு எந்தத் திட்டம் என்று தீர்மானிக்கவும் நேர்மையான மதிப்பீடே அடிப்படை.

இதே கேள்வி பிற கடல் கனிமங்களுக்கும் பொருந்தும். 2024 நவம்பரில் மத்திய சுரங்கத் துறை அறிவித்த முதல் கடல்சார் ஏலத்தில் இடம்பெற்ற 13 வட்டாரங்களில் 7, கிரேட் நிகோபார் அருகே உள்ள பல்லுலோக முடிச்சுகளுக்கானவை. முழுமையான ஆய்வுக்கு முன்பே, ஆய்வையும் உற்பத்தியையும் இணைத்து உரிமம் வழங்குவதே இந்த ஏலத்தின் வடிவம்.

அவைக்கு வர வேண்டிய ஆவணம்: எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் 2024 டிசம்பரிலும் மக்களவையில் 2025 மார்ச்சிலும் நிறைவேறியது. முதலீட்டாளர்களுக்கு நிலையான குத்தகை, எளிதான விதிகள் ஆகியவற்றை அது உறுதி செய்தது. ஆனால், ஒரு கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும்போது, அது வெறும் கணிப்பா, சோதனையில் உறுதியான வளமா, வணிகரீதியில் எடுக்கத்தக்க இருப்பா என்பதை வகைப்படுத்தி நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யும் நடைமுறை வலுப்பெறவில்லை. உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அளிக்கப்படும் பதில்களில் படுகையின் மொத்தக் கணிப்பும் ஒரு கிணற்றின் சோதனை முடிவும் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறும்போது, இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் ஏற்படுகிறது.

கச்சா எண்ணெய்த் தேவையில் சுமார் 88 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு, அந்தமானில் தேடுதலைத் தொடர்வது அவசியம். அத் தேடலின் முடிவுகளை ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் தனிப்பட்ட நிபுணர்களின் சரிபார்ப்புடன் ஆண்டுதோறும் வெளியிட்டு, பெட்ரோலியத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கு வைப்பதும் அதே அளவு அவசியம். முதலீடு செய்யும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அமரப்போகும் தீவு மக்களுக்கும் தேவைப்படுவது அந்த ஆவணமே.