தட்கல் நமக்கும் உண்டு

வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, வாடிக்கையாளர்களில் ஒரு சாரார் புதுப் பேச்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். “இப்போதுதான் 45 நாளுக்குள் பணம் போட்டுவிடுகிறோமே, அவசர வேலைக்கு ரஷ் சார்ஜ் வேறு எதற்கு?” புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் ஓரத்து ரிசார்ட்டுகளுக்கும் கடைகளுக்கும் வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் டிசைனர் நண்பர்கள் பலர், இதில் நம் இதழின் நிலை என்ன என்று கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் நம் நிலை. கெடுவுக்குள் பணம் தருவது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் வாங்குபவர் மீது சுமத்திய கடமை. கெடு தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 16-ஆம் பிரிவு அன்றே சொல்லிவிட்டது. கெடு தாண்டிய பில்லை, பணம் தரும்வரை செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்பது மட்டுமே 43பி(எச்) புதிதாகச் சேர்த்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 45 நாள் என்பது எழுத்து ஒப்பந்தம் இருந்தால் போகக்கூடிய உச்ச வரம்பு. தவணை பற்றி எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். போனிலேயே பேசி முடிக்கும் நம் அர்ஜென்ட் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த வகை.

இந்தப் பாதுகாப்பை நாட உதவும் ‘உத்யம்’ எம்எஸ்எம்இ பதிவு இல்லாதவர்கள் இன்றே செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. வேலை முடிந்தபின் செய்த பதிவு பழைய பில்லுக்கு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. முன்பே பதிவு செய்திருக்க வேண்டுமா என்ற கேள்வி 2025-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த வழக்கை நம்பி உட்கார வேண்டாம்.

ரஷ் சார்ஜ் எதற்கு என்பதை வேலை தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு யூனிகோடில் மேட்டர் வருகிறது. பிரஸ்காரர் பழைய பாமினி எழுத்துருவில் கேட்கிறார். மாற்றியதும் ‘ஸ்ரீ’ எங்கே உடைந்தது, ‘க்ஷ’ எங்கே காணாமல் போனது என்று வரிவரியாகத் தேட வேண்டும். பத்து மணிக்கு “லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்” என்று வாட்ஸ்அப். காலையில் ஃபைல் போயாக வேண்டும். அவசரத்தில் முதலில் பலியாவது இரண்டாவது ப்ரூஃப். பிழையோடு அச்சாகிவிட்டால் பழி நமக்கு. அன்றிரவு தள்ளிவைத்த இன்னொருவர் வேலைக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்று சட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. நம் கொட்டேஷன்தான் நமக்குச் சட்டம். மூன்று நாளுக்குள் கேட்டால் பாதி கூடுதல், மறுநாள் காலைக்கே கேட்டால் இரு மடங்கு என்று வேலையைத் தொடும் முன்பே அதில் எழுதிவிடுங்கள். இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

ஆனால் இந்தக் கடற்கரையில் அவசர வேலையைப் பெருமளவில் உண்டாக்குவது தனியார் அல்ல, அரசு. அரசு அலுவலகம் வருமான வரி கட்டுவதில்லை. ஆகவே 43பி(எச்) அதன் மீது ஒரு கீறலும் போடாது. இதை இந்தப் பத்தியில் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, இன்னும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு, மாஸ்கோவில் நடக்கவிருந்த செஸ் ஒலிம்பியாட் 2022 மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை 28-இல் தொடக்க விழா, மறுநாள் முதல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஆட்டம். நான்கரை மாதத்தில் அத்தனை விளம்பரமும் பதாகையும் வழிகாட்டிப் பலகையும் தயாராக வேண்டியிருந்தது. தொடக்க விழா நாளன்றே, விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர் படங்கள் இடம்பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவின் சரி தவறு நம் விஷயமல்ல. ஆனால் மேலே யார் எதை முடிவு செய்யத் தாமதித்தாலும், கடைசியில் ஃபைலைத் திறந்து லேஅவுட்டைக் கலைத்து அடுக்குபவர் ஒரு டிசைனர். அவருடைய இரவைப் பற்றிக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது.

மத்திய அரசு, பாஸ்போர்ட் சீக்கிரம் வேண்டுமென்றால் தட்கல் என்று 2,000 ரூபாய் கூடுதலாக வாங்குகிறது. ரயில் டிக்கெட்டுக்கும் தட்கல் கட்டணம் வாங்குகிறது. அவசரத்துக்கு விலை உண்டு என்பது எந்த அரசுக்கும் தெரியாததல்ல. வாங்கும்போது தெரிகிறது, கொடுக்கும்போது மறந்துபோகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரரிடம் வேலையைக் கொடுத்து, “நாளை கலெக்டர் வருகிறார்” என்று இரவில் துரத்திவிட்டு, பில்லை மாதக்கணக்கில் மேசையில் கிடத்துவது எந்த ஊர் நியாயம்? எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போகச் சட்டத்தில் வழி உண்டு. போனவருக்கு அந்த அலுவலகத்தின் அடுத்த வேலை வருமா என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சுற்றுலாத் துறையும் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தங்கள் விலைப்புள்ளிப் படிவத்தில் ‘அவசரக் கட்டணம்’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். டிசம்பரில் மாமல்லபுரம் நாட்டிய விழா வேலைகள் தொடங்கும் முன்பே அதைச் செய்ய வேண்டும். அதுவரை, அந்தக் கட்டம் இல்லாத படிவத்திலும் அந்த வரியை நீங்களே கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.