பெட்டி சிறியதாக இருக்கட்டும், மூச்சு முட்டாமல் இருக்கட்டும்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரே கோரிக்கைதான். பத்தாவது பரீட்சை முடிந்ததும் பையனோ பெண்ணோ ‘கேமிங் கம்ப்யூட்டர்’ வேண்டும் என்கிறார்கள். விளையாட்டு தேவையா, படிப்பு கெடுமா என்பதை அவரவர் வீட்டில் பேசித் தீர்த்துக் கொள்ளட்டும். வாங்குவது என்று முடிவான பிறகு யாருமே கவலைப்படாத ஒரு பொருளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் கேபினெட்.

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சில ஆண்டுகளில் பழசாகிவிடும், மாற்ற வேண்டிவரும். கேபினெட் அப்படியல்ல. சரியாகத் தேர்ந்தெடுத்தால் பத்து ஆண்டுகளுக்கும் கூட வரும். ஆனால் நேரு பிளேஸில் மற்ற உறுப்புகளுக்கு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், கேபினெட்டை மட்டும் கடைக்காரர் கைகாட்டியபடி எடுத்து வருகிறார்கள்.

சிறிய கேபினெட் நமக்கு அவசியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரே மேஜையில்தான் படிப்பும் எழுத்தும். ஆனால் சிறியதிலும் இரண்டு ரகம் உண்டு. மதர்போர்டின் அளவுதான் அதைத் தீர்மானிக்கிறது. வழக்கமான ஏ.டி.எக்ஸ். போர்டு 30.5 செ.மீ.க்கு 24.4 செ.மீ. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பக்கத்துக்கு 24.4 செ.மீ. உள்ள சதுரம். மினி ஐ.டி.எக்ஸ். வெறும் 17 செ.மீ. சதுரம்.

கேபினெட்டின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அதன் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். சாதாரண கேபினெட் இரண்டு கேனுக்கும் மேல். அடக்கமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். கேபினெட் ஏறக்குறைய ஒன்றரை கேன். கூலர் மாஸ்டர் 2020-இல் வெளியிட்ட என்.ஆர். 200 என்ற மினி ஐ.டி.எக்ஸ். கேபினெட் 18.25 லிட்டர், அதாவது ஒரு கேனுக்கும் குறைவு.

பிள்ளைகளின் கண் கடைசி ரகத்தின் மேல்தான் விழும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை அந்தப் பெட்டியோடு முடிவதில்லை. அதற்கேற்ற மதர்போர்டு அளவில் சிறியதாக இருந்தாலும் விலையில் பெரும்பாலும் கூடுதல். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். கூட எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சிறிய வகையாக இருக்க வேண்டும். அதே வாட் சக்திக்கு அதுவும் விலை அதிகம். போர்டில் மெமரி பொருத்த இரண்டே இடம், கார்டு செருக ஒரே இடம். ஆகவே கேபினெட், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் மலிவு எது என்று சொல்ல வேண்டும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு, சாதாரண அளவு எஸ்.எம்.பி.எஸ். ஏற்கும் சிறிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ். கேபினெட்டே லாபம் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் நல்ல கிராபிக்ஸ் கார்டாகவே வாங்கலாம். ஆண்டுக்கு இருமுறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பர்த்துக்கு அடியில் வைத்து எடுத்துப் போக வேண்டிய ஹாஸ்டல் மாணவருக்கு மட்டும் மினி ஐ.டி.எக்ஸ். தகும்.

அடுத்தது வெப்பம். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற நடுத்தர கார்டே 115 வாட் இழுக்கும். பிராசசரும் சேர்ந்தால், பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டது போலத்தான். மே, ஜூனில் டில்லி வெயில் 45 டிகிரியைத் தொடும்போது ஏ.சி. இல்லாத அறையே கொதிக்கிறது. எந்த விசிறியும் பெட்டிக்குள்ளிருப்பதை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் பிராசசரும் கார்டும் சூடேறி, தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். கொடுத்த காசு அங்கேயே வீண்.

எனவே முகப்பில் கண்ணாடி பதித்து, வண்ண விளக்குகள் சுழலும் கேபினெட்டைக் கண்டு மயங்க வேண்டாம். முகப்பு கம்பி வலையாக இருக்கட்டும். வாயால் ஊதினால் மறுபக்கம் வைத்த கையில் காற்று பட வேண்டும். அதுவே போதுமான சோதனை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என 12 செ.மீ. விசிறிகள் இருந்தால் நலம். அவற்றின் வயர் மதர்போர்டில் செருகும் வகையா என்று கேளுங்கள். நேரே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகும் மலிவு விசிறிகள் பெரும்பாலும் எப்போதும் முழு வேகத்தில் இரையும். கோடையில் ஆந்தி அடித்தால் வீடெங்கும் மண்தானே! கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் வேண்டும்.

கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மூன்று விசிறி வைத்த கார்டுகள் 30 செ.மீ.க்கும் மேல் நீளும். பிராசசர் மேல் நிற்கும் கூலர்கள் பல 15 செ.மீ.க்கு மேல் உயரம். இரண்டுக்கும் கேபினெட் எவ்வளவு இடம் தருகிறது என்று அதன் அட்டைப் பெட்டியிலோ விவரத்தாளிலோ பாருங்கள். இல்லையேல் அளந்தே பாருங்கள். ‘கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ். இலவசம்’ என்றால் விலகி நில்லுங்கள். அது கெட்டால் தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். பெயர் பெற்ற நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே, உத்தரவாதத்தோடு வாங்குவதே விவேகம்.

மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று தெரியாத குடும்பங்களுக்கு இன்னொரு யோசனை. பக்கச்சுவர் கண்ணாடியைவிட இரும்புத் தகடு நல்லது, லாரிக் குலுக்கலைத் தாங்கும். சாமான் ஏற்றும் முன் கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே பொதியுங்கள். இல்லாவிட்டால் அதன் எடையே போர்டின் சொருகியை உடைத்துவிடும். கேபினெட் வந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். வீட்டின் அளவும், ஊரின் வெயிலும், மாதச் சம்பளமும் சேர்ந்துதான் கேபினெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரரிடமோ பிள்ளையிடமோ மட்டும் அந்த வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். விளையாட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டரே அவர்களுக்குச் சிக்கனத்தின் முதல் பாடமாக அமையட்டும்.